மாப்பிள்ளை பார்க்கப் போன பார்கள்

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய்து வைக்கலாம் என்பார்கள். ஒரே ஒரு உண்மையைச் சொல்லி ஆயிரம் கல்யாணங்களை நிறுத்திய மனிதர் கோயமுத்தூரில் ஒருவர்தான் உண்டு. அவர் பெயர் ரிப்போர்ட்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். அது சம்பளச் சீட்டில் அச்சாகியிருக்கும், அங்கேயும் யாரும் படித்ததில்லை.

கணபதியில் பம்பு மோட்டார் செய்கிற ஒரு கம்பெனியில் நானும் அவரும் வேலை பார்த்தோம். நான் அக்கவுண்ட்ஸ். அவர் குவாலிட்டி செக்கிங். பட்டறையிலிருந்து வருகிற ஒவ்வொரு உருப்படியையும் தட்டி, முகர்ந்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ஒரு குறை கண்டுபிடித்து ரிப்போர்ட் எழுதுவது அவர் உத்தியோகம். குறை இல்லாத பம்பை அவர் பார்த்ததே கிடையாது. ஒன்றுமே அகப்படாவிட்டால் "பெயிண்ட் வாசம் தூக்கலா இருக்குதுங்க" என்று எழுதுவார். அவரை வைத்துக்கொள்ளவும் முடியாமல் அனுப்பவும் முடியாமல் முதலாளிக்குத் தலை வழுக்கையானதுதான் மிச்சம். ஒருவழியாக ரிடையர் ஆனார். பம்புகள் பிழைத்தன. அதோடு விட்டாரா மனுஷன்? மாப்பிள்ளைகளைச் செக்கிங் பண்ண ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு சம்பந்தம் பேச்சு வந்தால் ஜாதகத்தைப் பிரிப்பதற்கு முன்னாலேயே விசாரிக்க ஆள் அனுப்பிவிடுவார்கள். பையன் எப்படி, பழக்கவழக்கம் எப்படி, குடி உண்டா என்று பக்கத்து வீட்டிலும் பெட்டிக்கடையிலும் பால்காரரிடமும் கேட்பது பழைய முறை. இப்போது பையன்கள் எட்டாவது மாடியில் குடியிருக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரனுக்கு அவன் பெயரே தெரியாது. பால் ஆப்பில் வருகிறது. பிறகு யாரைப் போய் விசாரிப்பது? ரிப்போர்ட்டு இதற்கொரு வழி கண்டுபிடித்தார்.

"ஏனுங்க அக்கவுண்ட்ஸு," என்றார். ரிடையரான பிறகும் என்னை டிபார்ட்மெண்ட் பெயரில்தான் கூப்பிடுவார். "இந்தக் காலத்துப் பசங்க கோயிலுக்கு வர்றதில்லீங்க. ஒறம்பரை, சொந்தக்காரங்க ஊட்டுக்கும் போறதில்லீங்க. பாருக்கு மட்டும் தவறாமப் போறானுங்க. அங்க போயி சித்த நேரம் உக்காந்தா, ஆளு முழுசாத் தெரிஞ்சு போயிருமுங்க."

தலை நரைத்த ஆள் ஒண்டியாகப் போய் உட்கார்ந்தால் ஒரு மாதிரி பார்க்கிறார்களாம். ஆகவே துணைக்கு நான். நான் குடிப்பேன். அதில் ஒளிவு மறைவு கிடையாது, வீட்டம்மாவிடம் தவிர. அவளிடம் ஆன்மிகச் சொற்பொழிவுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன். கோயமுத்தூரில் புதிது புதிதாக முளைத்த காக்டெய்ல் பார், விஸ்கி பார் அத்தனையும் எனக்குப் பழக்கமானது இப்படித்தான். பக்தியில் நான் இவ்வளவு முன்னேறுவேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

முதலில் போனது ரேஸ் கோர்ஸ் பக்கம். போர்டு கிடையாது. ரகசிய பாராம், ரகசியம் என்று ஊர் முழுக்க விளம்பரம் செய்திருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தையல் கடை. பழைய தையல் மிஷின் ஒன்று, வரிசையாகத் தொங்குகிற கோட்டுகள். கோட்டை விலக்கினால் பின்னால் கதவு. குடிப்பதை ஒளித்துச் செய்வது எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாக ஓசியில் நடந்து வந்த காரியம். அதற்கும் ஒருத்தர் ஏசி போட்டுக் காசு வாங்க உட்கார்ந்துவிட்டார். ரிப்போர்ட்டு அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்து, "காஜா சரியில்லீங்க" என்று ஆரம்பித்து வைத்தார்.

உள்ளே கும்மிருட்டு. மெனுவைப் படிக்க செல்போன் டார்ச் அடிக்க வேண்டும். அந்த இருட்டில் நாங்கள் விசாரிக்க வந்த காங்கேயத்து எண்ணெய் மில்காரர் பையனைக் கண்டுபிடித்து, அவன் எடுக்கிறது, வைக்கிறது, சிரிக்கிறது எல்லாவற்றையும் வெகுநேரம் கவனித்தோம். யாரோ மோதிரத்தைத் தவறவிட்டுவிட்டார்கள் என்று நடுவில் விளக்கைப் போட்டபோதுதான் தெரிந்தது, நாங்கள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு பல் டாக்டரை. மில்காரர் பையன் எங்களுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து நாங்கள் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். "பெரியவங்க பேச்சை ஒட்டுக் கேக்கறானுங்க, இவன் வேண்டாம்" என்று பெண் வீட்டுக்கு ரிப்போர்ட் போய்விட்டது.

அடுத்தது அவிநாசி ரோட்டில் மொட்டைமாடி பார். அங்கே காக்டெய்லைக் கண்ணாடிக் கூடை போட்டு மூடி, உள்ளே புகையை அடைத்துக் கொண்டுவந்து வைத்தார்கள். வெயிட்டர் கூடையைத் தூக்கினார். புகை மேஜை முழுக்கப் பரவியது. சுற்றி இருந்தவர்கள் போட்டோ எடுத்தார்கள். ரிப்போர்ட்டு மட்டும் அவசரமாக எழுந்து, "தம்பி, எங்கியோ வயரு கருகுதுங்க, மெயினை ஆஃப் பண்ணிப்போடுங்க" என்றார். நான் ஏதோ நம்ம ஊர்ச் சரக்கு என்று மயங்கி, ரசம் காக்டெய்ல் என்று போட்டிருந்ததை வாங்கினேன். ஆறிப்போன ரசத்தில் ஜின்னை ஊற்றி, விளிம்பில் ஒரு கறிவேப்பிலையைக் குத்தி, நீளக் கழுத்துக் கிளாஸில் கொடுத்தார்கள். காய்ச்சல்காரன்கூட அதைக் குடிக்க மாட்டான். முருங்கைக்கீரை, கம்பங்கூழ், பச்சைப்புளி என்று அந்த மெனுவில் இருந்ததைப் படித்தபோது, பத்தியச் சாப்பாட்டுக் கடைக்கு வந்துவிட்டோமோ என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

ரிப்போர்ட்டு எங்கே போனாலும் ஒரு விஸ்கிதான் சொல்லுவார். அதில் உதட்டை நனைப்பார், முகத்தைச் சுளிப்பார், தண்ணீர் ஊற்றுவார். மறுபடி நனைப்பார், மறுபடி ஊற்றுவார். கிளம்புகிற நேரத்தில் கிளாஸில் ஆரம்பத்தில் இருந்ததைவிட அதிகம் இருக்கும். அந்த ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு ஊரான் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தீர்ப்பு எழுதுவார்.

"குடிக்கறானாங்கறது இப்பக் கேள்வியே இல்லீங்க. எப்புடிக் குடிக்கறாங்கறதுதானுங்க கேள்வி. வெயிட்டரைக் கூப்புடறதைப் பாருங்க. முதல் ரவுண்டுல 'கொண்டு வாங்க'ம்பான். ரெண்டாவதுல 'கொண்டு வா'ம்பான். மூணாவதுல கையைச் சொடக்குவான். அவன் நாளைக்குப் பொண்டாட்டியையும் சொடக்குத்தானுங்க போடுவான்."

சோமனூர்த் தறிக்காரர் பையன் ஒருத்தன் ஐந்து ரவுண்டு போன பிறகும் வெயிட்டரை "வாங்க, போங்க" என்றுதான் பேசினான். எனக்கே அவன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. ஆனால் வறுத்த முந்திரியை நண்பர்கள் பக்கம் தள்ளாமல் தன் முழங்கைக்குள் வைத்துக்கொண்டான் என்று அவனும் தள்ளுபடி. எனக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, முந்திரிக்கெல்லாம் ஒரு குடும்பத்தைக் கெடுப்பாங்களா?" என்று கேட்டேன். "முந்திரின்னு பாக்காதீங்க. நாளைக்குச் சொத்து" என்றார். இந்த ஆளுக்கு நல்ல சாவு வருமா என்று நான் அன்றைக்கு மனசுக்குள் நினைத்தது உண்மை. இத்தனைக்கும் எங்கள் பக்கம் பையன்கள் பெண் கிடைக்காமல் முப்பத்தைந்து வயதில் பழனிக்கு நடந்துகொண்டிருக்கிறார்கள். இவர் அவர்களிடம் முந்திரிக்குக் கணக்குக் கேட்கிறார்.

பெண் கிடைக்காத ஊரில் பையன் கிடைக்காத பெண் ஒருத்தியும் இருந்தாள். என் மகள் நிவேதா. வரன் வராமல் இல்லை, வந்தவர்களையெல்லாம் அவள் தட்டிக் கழித்தாள். ஒருத்தன் அதிகம் பேசினான், ஒருத்தன் பேசவே இல்லை, ஒருத்தன் தன் அம்மாவைப் பேசவிட்டான். வீட்டம்மா கும்பிடாத சாமி இல்லை. கடைசியில் உடுமலைப்பேட்டையில் தேங்காய் மண்டி வைத்திருக்கிறவர் வீட்டுச் சம்பந்தம் வந்தது. பையன் கார்த்தி, இங்கே சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. பெண் பார்க்க வந்துவிட்டுப் போன அன்றைக்கு ராத்திரி என் மகள், "இவரு பரவால்லப்பா" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நாங்கள் கேட்டதே இல்லை. வீட்டம்மா சமையலறைக்குள் போய் அழுதாள். இது மட்டும் கை நழுவினால் இனி நடக்காது என்று எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது.

ஊரெல்லாம் கெடுத்த ஆளிடம் நானே போய் நின்றேன். என்ன செய்வது, பெண்ணைப் பெற்றவன். "பையனைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. நீங்க குறை சொல்லாத பையனா இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்றேன். ரிப்போர்ட்டுக்கு மார்பு விரிந்தது. எந்த பாரானாலும் வாசலில் சாவியை வாங்கிக் காரை நிறுத்துகிறவர்கள் அவருக்குத் தோஸ்து. நாலாம் நாளே தகவல் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பொழுதோட, பையன் பெயரில் ஒரு விஸ்கி பாரில் மேஜை சொல்லியிருக்கிறதாம்.

அது வேறு ஒரு கோயில். சுவர் முழுக்க பாட்டில், எட்டாத பாட்டிலை எடுக்க ஏணி. தோல் ஏப்ரன் கட்டின ஒருத்தர் வந்து, இந்த விஸ்கியில் நனைந்த கயிறு வாசம் வரும், அந்த விஸ்கியில் கடற்கரைக் கரியடுப்பு வாசம் வரும் என்று பாடம் நடத்தினார். நனைந்த கயிறு வாசம் வேண்டுமென்றால் கிணற்றடிக்குப் போகலாமே, இங்கே எதற்கு வருவது என்று நான் நினைத்துக்கொண்டேன். ரிப்போர்ட்டு கிளாஸை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, ஆழமாக இழுத்து, "வைண்டிங் எரிஞ்சு போன மோட்டாருங்க. ரெண்டு எச்.பி. இருக்கும்" என்றார். ஏப்ரன்காரர் அதற்கப்புறம் எங்கள் பக்கம் வரவே இல்லை.

ஏழு மணிக்குக் கார்த்தி வந்தான். தனியாக வந்து கவுண்டரில் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தான். நாங்கள் மெனு கார்டைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டோம். அவன் சொன்னது காதில் விழுந்தது. "எனக்கு ஒரு மாதுளை ஜூஸுங்கண்ணா. ஐஸ் வேண்டாமுங்க, தொண்டை கட்டிக்கும்." எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. விஸ்கி பாருக்கு வந்து மாதுளை ஜூஸ் சொல்லுகிற மாப்பிள்ளை எந்தத் தகப்பனுக்குக் கிடைப்பான்? ரிப்போர்ட்டுகூட, "தங்கமுங்க" என்றார். பிறகு பழக்கதோஷத்தில், "தொண்டை கொஞ்சம் வீக்கு" என்று சேர்த்துக்கொண்டார்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் உள்ளே வந்து நேராக அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தோழியின் வளைகாப்புக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்த என் மகள். உட்கார்ந்தவள் மெனுவைக்கூடப் பார்க்கவில்லை. பாட்டில் வரிசையைக் கையால் காட்டி, "அண்ணா, ரெண்டாவது தட்டுல இருக்கறது. ஐஸ் வேண்டாம், ஒரே ஒரு சொட்டு தண்ணி போதுங்க" என்றாள். நான் என் கிளாஸைப் பார்த்தேன். அதே பாட்டில்தான். ரிப்போர்ட்டு அவளைப் பார்த்தார், என் கிளாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரத்தம் பேசுதுங்க" என்றார்.

பிறகு அவர் முகம் மாறிவிட்டது. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அக்கவுண்ட்ஸு, ஒரு விஷயம் சொல்லாம உட்டுட்டனுங்க. உடுமலைக்காரரும் பொண்ணைப் பத்தி என்னையத்தானுங்க விசாரிக்கச் சொல்லியிருக்கறாரு. உங்களைத் தெரியும்னு நான் அவருகிட்டச் சொல்லலீங்க. நாளைக்குக் காத்தால போன் பண்றேன்னு இருக்கறாரு" என்றார்.

எனக்கு ஏறியிருந்த கொஞ்சநஞ்சமும் இறங்கிவிட்டது. இந்த ஆளின் நாக்கில் என் பெண்ணின் வாழ்க்கை. பம்பில் பெயிண்ட் வாசத்தை மறைக்காத ஆள், விஸ்கி வாசத்தையா மறைக்கப் போகிறார்? "பாக்கலைன்னு சொல்லிருங்க" என்று கெஞ்சினேன். "பாத்துப்போட்டனுங்களே" என்றார். அவர் குரலிலும் தெம்பில்லை.

அந்த நேரம் பார்த்து, பக்கத்து மேஜையில் ஒருத்தன் வெயிட்டரைப் பார்த்துச் சொடக்குப் போட்டு, "டேய்" என்றான். என் மகள் ஸ்டூலோடு திரும்பினாள். "அவங்க உங்களை விடப் பெரியவங்க. அண்ணான்னு கூப்புடுங்க" என்றாள். சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அவன் கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டான். கார்த்தி அவளைப் பார்த்த பார்வையில், இந்தக் கல்யாணம் நடக்காவிட்டால் அவனும் பழனிக்கு நடப்பான் என்று எனக்குப் புரிந்தது. அவள் அந்த ஒரு கிளாஸோடு நிறுத்திக்கொண்டாள். நாங்கள் சமையல்கட்டு வழியாக வெளியேறினோம்.

வீட்டுக்கு அவள் எனக்குப் பின்னால்தான் வந்தாள். "சொற்பொழிவு எப்படிப்பா இருந்துச்சு?" என்றாள். "நல்லா இருந்துச்சு கண்ணு. வளைகாப்பு?" என்றேன். "நல்லா இருந்துச்சுப்பா." இரண்டு பேருமே ஏலக்காய் மென்றுகொண்டிருந்தோம்.

மறுநாள் காலையில் கணபதி பேக்கரியில் ரிப்போர்ட்டு எனக்காகக் காத்திருந்தார். சவரம் செய்துகொள்ளவில்லை. எனக்கு டீயும் பப்ஸும் சொல்லிவிட்டு, போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். சொன்னபடி உடுமலைக்காரர் கூப்பிட்டார்.

"பொண்ணு எப்புடீங்க?"

"நிமுந்து உக்காருமுங்க," என்றார் ரிப்போர்ட்டு. "நேராப் பாத்துப் பேசுமுங்க. வேலை செய்யறவங்களை அண்ணான்னுதானுங்க கூப்புடும். தப்புன்னு பட்டா நாலு பேரு மத்தியில கேட்டுப்போடும். எதுலயும் அளவு தெரிஞ்ச பொண்ணுங்க."

அத்தனையும் அந்த பாரில் அவர் கண்ணால் பார்த்தது. ஒரு வார்த்தை பொய் இல்லை. நான் அவரை முதன்முதலாக வாயைப் பிளந்து பார்த்தேன்.

"செரீங்க. குறை?" என்றார் உடுமலைக்காரர்.

"குறை ஒண்ணுமில்லீங்க."

"ஏனுங்க, நீங்க குறை இல்லேன்னு சொல்லி நான் கேள்விப்பட்டதே இல்லீங்களே. முந்திரியை நகத்தலைன்னு ஒரு பையனை வேண்டாம்னவரு நீங்க. ஒரு குறையும் இல்லாத பொண்ணுன்னா எனக்குப் பயமா இருக்குதுங்க. அந்த ஊட்டுல உங்களைச் சரிக்கட்டிப்போட்டாங்களா? இல்ல, சொல்ல முடியாத குறை ஏதாச்சுமா? அப்புடீன்னா இத்தோட விட்டரலாமுங்க."

ஒரு பேச்சுக்கு ஒரு குறை சொல்லித் தொலைத்திருக்கலாம். பம்பில் வாசம் கண்டுபிடித்தவருக்கு என் பெண்ணிடம் ஒன்றும் அகப்படவில்லை. ரிப்போர்ட்டு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பட்டறையில் உருப்படியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிற அதே பார்வை.

"ஒரு குறை இருக்குதுங்க," என்றார். "சொல்றதா வேண்டாமான்னுதான் யோசிச்சேன். பொண்ணோட அப்பன் சரியில்லீங்க."

"என்னங்க அவருக்கு?"

"குடிங்க. கோயமுத்தூர்ல எந்த பாருக்குள்ள நுழைஞ்சாலும் அந்தாளு உக்காந்திருக்கறாரு. என்ற ரெண்டு கண்ணால பாத்தனுங்க. ஊட்டுல சொற்பொழிவுன்னு சொல்லிப்போட்டு வாராராமுங்க."

கடித்த பப்ஸை நான் அப்படியே தட்டில் வைத்தேன். உடுமலைக்காரர் விட்ட பெருமூச்சில் போன் அதிர்ந்தது. "அட, இவ்வளவுதானுங்களா? நான் என்னமோன்னு பயந்து போனேன். அப்பனையா கட்டிக்கப் போறோம்? குடிகாரன் ஊட்டுல பொறந்தும் புள்ளை இப்புடி வளந்திருக்குதுன்னா, அது அந்தம்மாவோட வளப்புங்க. அடுத்த வாரமே உறுதி பண்ணிக்கலாமுங்க."

போனை வைத்ததும் நான் எழுந்து நின்றேன். "நீங்க மனுசனாங்க? நீங்க கூப்புட்டுத்தானே நான் வந்தேன்?"

"அதை அவரு கேக்கலீங்களே," என்றார். என் பப்ஸில் மிச்சமிருந்ததை எடுத்துத் தின்றார்.

அதற்கப்புறம் நான் பட்ட பாட்டை எழுதினால் ஒரு வாரப் பத்திரிகை போதாது. உறுதி வார்த்தைக்கு வந்த சம்பந்தியம்மா, என் வீட்டம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "இந்த மனுசனை வெச்சுக்கிட்டு எப்புடித்தான் குடும்பம் நடத்துனீங்களோ" என்று கண்கலங்கினாள். சொற்பொழிவு வரைக்கும் விவரமாகச் சொன்னாள். அன்றைக்கு ராத்திரி என் வீட்டில் நடந்தது சொற்பொழிவு. உடுமலையிலிருந்து எனக்கு வாரம் தவறாமல் இளநீர் வந்தது, ஈரலுக்கு நல்லதாம். கல்யாணத்தன்று மண்டபத்தில் அவர்கள் சொந்தக்காரர் ஒருத்தர், ஆறடி உயரம், நான் கைகழுவப் போனால்கூடக் கூடவே வந்தார்.

ரிப்போர்ட்டு கல்யாணத்துக்கு முதல் நாளே எனக்குப் போனில் சொல்லிவிட்டார். "நான் அவங்க பக்கத்து ஆளாத்தானுங்க வருவேன். நீங்களும் நானும் சிநேகிதம்னு தெரிஞ்சா, பொண்ணுக்குக் கொடுத்த பேரு நிக்காதுங்க. இனிமே போனும் வேண்டாமுங்க. தெருவுல பாத்தாலும் தெரியாத மாதிரி அக்கட்டால போயிக்கலாம்." நான் சரி என்றேன். தொல்லை விட்டது என்றுகூட நினைத்தேன்.

தாலி கட்டி முடிந்ததும் சம்பந்தி அவரைக் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வந்தார். வெள்ளை வேட்டி, புதுச்சட்டை. "இவருதானுங்க நமக்கு விசாரிச்சுச் சொன்னவரு" என்று என்னிடம் அறிமுகம் செய்தார். ரிப்போர்ட்டு என்னை ஏறிட்டுப் பார்த்து, யாரோ ஒரு மூன்றாம் மனிதனைப் பார்க்கிற மாதிரி கையைக் கூப்பினார். "பொண்ணோட அப்பாங்களா? வணக்கமுங்க. இன்னிக்குத்தானுங்க பேசிப் பழகறோம்" என்றார்.

வாழ்நாளில் அவர் சொல்லி நான் கேட்ட முதல் பொய் அது. இத்தனை வருஷம் ஒரே கேண்டீனில் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷன். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கையை மட்டும் பிடித்தேன், விடமுடியவில்லை. "இருந்து சாப்புட்டுட்டுப் போங்க" என்று சொல்லப்போய் குரல் உடைந்துவிட்டது. கண்ணெல்லாம் கலங்கிவிட்டது.

சம்பந்தி என் கண்ணைப் பார்த்தார். மெதுவாகத் தோளில் கையைப் போட்டுத் தனியே அழைத்துப் போய், "இன்னிக்கு ஒரு நாளாச்சும் குடிக்காம இருந்திருக்கலாமுங்க" என்றார். தப்புத்தானுங்க என்று சொல்லிவிட்டு, அவர் தோளுக்கு மேலாகப் பந்தியைப் பார்த்தேன். ரிப்போர்ட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பரிமாறியது அப்படியே இருக்க, என் பக்கம் திரும்பிவிடாமல் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.